இஹ் பின் கால்ட்: ஒரு ஜெர்மன் பாடப்புத்தகத்தோடு மூன்று வருஷம்

ஒரே புத்தகத்தை வைத்து மூன்று வருஷமாக முதலாண்டு மாணவர்களுக்கு ஜெர்மன் நடத்துகிறேன். என் பிரதியின் முதுகு பிய்ந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. ஓரங்களில் பென்சில் கிறுக்கல். 64-ஆம் பக்கத்தில் யாரோ ஒரு மாணவனின் காபிக் கறை. இவ்வளவு நெருங்கிப் பழகிய பிறகும் புத்தகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடுத்த செமஸ்டரும் இதைத்தான் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகவேண்டும், வீண் வம்பு எதற்கு. ஆனால் நான் சொல்லப்போகும் இடங்களை உங்கள் கையில் இருக்கும் ஜெர்மன் புத்தகத்திலும் திறந்து பார்க்கலாம். பெரும்பாலும் இதே மேடும் பள்ளமும் அங்கேயும் இருக்கும்.

முதலில் விவரம். ஏ1 நிலைக்கான புத்தகம். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட சட்டகம் மொழித்திறனை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. அதில் இது முதல் படி. பன்னிரண்டு பாடங்கள், கூடவே ஒரு பயிற்சி நூல், ஒலிப்பதிவுகளுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் க்யூஆர் கோடு. பாடம் முழுக்க ஜெர்மனில் இருக்கும். இலக்கண விளக்கமும் சொற்பொருளும் மட்டும் ஆங்கிலத்தில். இந்தக் கடைசி விஷயத்தில்தான் என் வழக்கு எல்லாம் ஆரம்பிக்கிறது.

முதல் வருஷம் நடந்தது. ஏசி அதிகமாகிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கி, ரொம்பப் பெருமையாக, "இஹ் பின் கால்ட்" என்றாள். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்' என்று நினைத்து அப்படியே ஜெர்மனுக்கு மாற்றியிருக்கிறாள். ஜெர்மன்காரர் காதில் இது "நான் ஈரமில்லாத ஜென்மம்" என்கிற மாதிரி விழும். "இதையே தமிழில் சொல்லு" என்றேன். "எனக்குக் குளிருது மேடம்." "அந்த எனக்கு-வை ஜெர்மன்ல போடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீர்... மீர் இஸ்ட் கால்ட்?" என்றாள். அவ்வளவுதான். எனக்கு இருக்கிறது குளிர். வார்த்தைக்கு வார்த்தை தமிழ்.

அன்று சாயங்காலம் புத்தகத்தின் பத்தாம் பாடத்தைத் திரும்பப் படித்தேன். மருத்துவரிடம் போகும் பாடம் அது. இந்த வாக்கியத்தை ஒரு மஞ்சள் பெட்டிக்குள் போட்டு, இது விதிவிலக்கான மரபுத்தொடர், அப்படியே மனப்பாடம் செய்துகொள் என்கிறது. எட்டாம் பாடத்தில் 'மீர் கெஃபெல்ட் டாஸ் பூஹ்' வருகிறது. அதற்குத் தனியாக ஒரு மஞ்சள் பெட்டி. 'மீர் டூட் டெர் கோப்ஃப் வே' என்பதற்கு இன்னொரு பெட்டி. ஆங்கிலம் வழியாக வருகிறவனுக்கு இவை மூன்றும் மூன்று அதிசயங்கள். நமக்கு? எனக்குக் குளிருது, எனக்கு இந்தப் புத்தகம் பிடிச்சிருக்கு, எனக்குத் தலை வலிக்குது. எல்லாம் ஒரே 'எனக்கு'. அதிசயம் ஒன்றுமில்லை, அம்மா மடியில் கற்றது. புத்தகத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்: ஜெர்மனுக்கும் மாணவனுக்கும் நடுவில் ஆங்கிலத்தை வாயிற்காவலனாக நிறுத்திவிடுகிறது, மாணவனும் தினமும் அவனுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

சரி, ஆங்கிலத்தைத் தள்ளிவிட்டுத் தமிழைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. முதல் வருஷ உற்சாகத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேற்றுமை நடத்தும்போது "நம்ம வேற்றுமைதான்ப்பா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த ஒரு பையன் அடுத்த வாரம் அழகாக அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான். இரண்டாம் வேற்றுமை 'ஐ', நான்காம் வேற்றுமை 'கு'. நம்ம 'ஐ'-க்கு ஈடான அக்குசாட்டிஃப்பை ஜெர்மன் பள்ளிகளில் நான்காம் வேற்றுமை என்பார்கள், 'கு'-வுக்கு ஈடான டாட்டிஃப் மூன்றாவது. புத்தகத்திலும் அடைப்புக்குறிக்குள் அந்த எண் இருக்கிறது. பையன் எண்ணைப் பார்த்து நாலுக்கு நாலு என்று பொருத்திவிட்டான். விளைவு, 'கு' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'ஐ', 'ஐ' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'கு'. ஒரு வாரம் உழைத்துத் தலைகீழாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான், பாவம். அதிலிருந்து எண்களைத் தொடுவதே இல்லை. நான், என்னை, எனக்கு. இஹ், மிஹ், மீர். நீ, உன்னை, உனக்கு. டூ, டிஹ், டீர். இதைக் கரும்பலகையின் இடது மூலையில் எழுதிவிட்டு செமஸ்டர் முழுக்க அழிக்க விடுவதில்லை.

இன்னொரு இடத்தில் தமிழே காலை வாரிவிடும். நூலகத்துக்குப் போகிறேன், நூலகத்தில் இருக்கிறேன். போவதற்குத்தான் நாம் 'கு' போடுகிறோம். ஜெர்மன் நேரெதிர். போவது என்றால் அக்குசாட்டிஃப்: 'இஹ் கேஹ இன் டீ பிப்லியோடேக்'. இருப்பது என்றால் டாட்டிஃப்: 'இஹ் பின் இன் டெர் பிப்லியோடேக்'. (டீ, டெர் எல்லாம் ஆங்கில 'தி' மாதிரி பெயருக்கு முன்னால் நிற்பவை: ஆண்பாலுக்கு டெர், பெண்பாலுக்கு டீ, இரண்டும் இல்லாததற்கு டாஸ்.) இப்படி இடத்துக்குத் தகுந்தாற்போல் வேற்றுமை மாற்றும், 'இன்' மாதிரியான முன்னிடைச்சொற்கள் ஒன்பது. அந்த ஒன்பதையும் புத்தகம் ஒரு பூனையையும் ஒரு பெட்டியையும் வைத்துப் படம் போட்டுக் காட்டுகிறது. பூனை பெட்டிக்குள் தாவினால் அம்புக்குறி, உள்ளே படுத்திருந்தால் புள்ளி. பிரமாதமான பக்கம். இதை எழுதியவர் நிஜமாகவே வகுப்பெடுத்தவர் என்று தெரிகிறது. நான் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் படத்தை மட்டும் திரையில் போட்டுவிட்டு நிற்பேன். "மேடம், டெர் ஆண்பாலாச்சே, நூலகம் பெண்பால்னு போன வாரம் சொன்னீங்களே, இங்க எப்படி டெர் வந்துச்சு?" என்று எப்படியும் ஒரு குரல் வரும். டாட்டிஃப்பில் பெண்பால் டீ-யே டெர் ஆகிவிடும் என்பதுதான் பதில். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் பாதி முடிந்த மாதிரி.

பால் விஷயத்துக்கு வருவோம். உயர்திணை, அஃறிணை என்று பகுத்தறிவோடு பிரித்து வளர்ந்த நமக்கு, ஸ்பூன் ஆண், ஃபோர்க் பெண், கத்தி இரண்டும் இல்லை என்றால் ஜீரணிக்க நாளாகும். சிறுமிக்கான சொல்லான மேட்ஹென் அஃறிணை மாதிரி 'டாஸ்' வாங்குகிறது, காரணம் அந்தக் கடைசி 'ஹென்' விகுதி. புத்தகம் நிறம் கொடுத்து இதைச் சமாளிக்கிறது: டெர் நீலம், டீ சிவப்பு, டாஸ் பச்சை. நல்ல யோசனைதான். ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் கையில் இருப்பது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் மூன்று பாலும் ஒரே சாம்பல். அச்சிட்டவர்கள் நிறத்தோடு ஒரு சின்ன அடையாளத்தையும், ஒரு வட்டம், ஒரு முக்கோணம் என்று ஏதாவது, சேர்த்திருந்தால் ஜெராக்ஸும் பிழைத்திருக்கும், நிறக்குறைபாடு உள்ள மாணவரும் பிழைத்திருப்பார்.

அதைவிட எரிச்சல், விகுதியை வைத்துப் பால் கண்டுபிடிக்கும் வழியைப் பதினோராம் பாடத்தில் ஒளித்து வைத்திருப்பது. 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிந்தால் டீ. 'ஹென்', 'லைன்' என்று முடிந்தால் டாஸ். இதை இரண்டாம் பாடத்திலேயே கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? முந்நூறு சொற்களை உருப்போட்ட பிறகு, "அப்புறம், இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கு" என்று சொல்கிற புத்தகத்தை என்ன செய்வது? நான் இரண்டாம் வாரமே பதினோராம் பாடத்தின் அந்தப் பக்கத்தைப் புரட்டச் சொல்லிவிடுகிறேன்.

பன்மைக்கும் ஒரு வார்த்தை. ஜெர்மனில் பன்மைக்கு 'கள்' போட்டு முடிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு மாதிரி. பாடத்துக்குள் வரும் சொற்பட்டியலில் பாலும் பன்மையும் ஒழுங்காக இருக்கின்றன. பின்பக்கத்து அகரவரிசைப் பட்டியலில் பன்மை இல்லை. தேர்வுக்கு முந்தைய நாள் மாணவன் புரட்டுவது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

உச்சரிப்புக்குக் கொடுத்த இடம் போதாது. முதல் பாடத்தில் ஒன்றரைப் பக்கம், அதோடு சரி. 'இஹ்' என்பதன் கடைசி ஒலிக்கு ஆங்கிலச் சொல் ஒன்றை உதாரணம் காட்டுகிறார்கள். 'பூஹ்', 'ஆஹ்' போன்றவற்றில் தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வருவது வேறு ஒலி. அதற்கு ஆங்கிலத்தில் உதாரணமே கிடைக்காமல் இருமுவதுபோல் சொல்லச் சொல்கிறார்கள். "மேடம், இது நம்ம ஆய்தம்" என்றான் அதே வேற்றுமைப் பையன். அஃது என்பதை அவன் உரசிச் சொன்ன விதம் ஜெர்மன்காரரே கைதட்டும்படி இருந்தது. தமிழை எண்ணால் பிடித்து வழுக்கி விழுந்தவன், ஒலியால் பிடித்து எழுந்துவிட்டான்.

தலையில் இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகள்தான் நிஜமான தொல்லை. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்கச் சொல்வேன். வகுப்பே மீன்தொட்டி மாதிரி ஆகிவிடும். புள்ளி இருந்தால் 'அழுத்து', இல்லாவிட்டால் 'அச்சிடு'. தமிழில் எழுதினால் இரண்டுமே ட்ருக்கன்தான். புத்தகம் இந்த ஜோடியைச் சொல்லவே இல்லை. கல்லூரிக் கதவிலும் பிரிண்டரிலும் தினமும் பார்க்கப்போகிற சொற்கள் இவை.

ஒலிப்பதிவுகள் தெளிவு. ஆனால் வேகத்தில் ஒரு சூது இருக்கிறது. முதல் எட்டுப் பாடங்களில் எல்லோரும் காய்ச்சலில் கிடப்பவர்கள் மாதிரி மெல்லப் பேசுகிறார்கள். ஒன்பதாவதில் திடீரென்று ரயில் நிலைய அறிவிப்பு. ரயில் தாமதம், வேறு நடைமேடை என்று ஒலிபெருக்கிக் கரகரப்போடு, நிஜ வேகத்தில். போன செமஸ்டரில் முதல்முறை போட்டபோது முப்பத்திரண்டு பேரில் நடைமேடை எண்ணைச் சரியாகப் பிடித்தது நான்கு பேர். எண்ணும் சதி செய்தது: 34 என்பதை 'ஃபியர்-உண்ட்-ட்ரைஸிஹ்', அதாவது நான்கும் முப்பதும் என்று சொல்வார்கள். காதில் விழுகிற வரிசையில் கை எழுதினால் 43 ஆகிவிடும். தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே இங்கே கைவிட்டுவிடும். இப்படிப்பட்ட ஒரு விஷயத்துக்குப் புத்தகம் ஒதுக்கியது அரைப் பக்கம். நான் தொலைபேசி எண்களைச் சொல்லி எழுதவைத்துத்தான் பழக்குகிறேன், ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிஷம்.

மணி சொல்வதில் மட்டும் புத்தகம் ஜெயித்துவிட்டது. நமக்கு இரண்டரை என்றால் இரண்டு தாண்டி அரை. ஜெர்மனில் அதை 'ஹால்ப் ட்ரை' என்பார்கள், மூன்றாவது மணி பாதி ஆகிவிட்டது என்ற கணக்கில். மூன்றரை என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். புத்தகத்தில் ஒரு கடிகாரம், அதன் மேல் மூன்றை நோக்கிப் பாதி நிரம்பிய வண்ணம். ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

பயிற்சிகளைப் பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன். பயிற்சி நூலில் கோடிட்ட இடம் நிரப்புவது ஏராளம். ஒருநாள் அக்குசாட்டிஃப் பயிற்சியில் ஒருத்தி ஒன்றுகூடத் தப்பில்லாமல் முடித்துவிட்டாள். அசந்துபோய், "எப்படிம்மா?" என்று கேட்டேன். "கோடு சின்னதா இருந்தா ஐன், நீளமா இருந்தா ஐனன் மேடம்." இரண்டுமே 'ஒரு'தான், வடிவம்தான் வேறு. போய்ப் பார்த்தால் நிஜம். விடைக்குத் தகுந்த நீளத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பயிற்சி ஜெர்மன் அறிவை அளக்கவில்லை, ஸ்கேல் பிடிக்கும் திறமையை அளந்திருக்கிறது. அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். கவனிப்புக்கு.

கல்லூரி மாணவர்களுக்கான புத்தகம் என்று அட்டையில் போட்டிருப்பது எவ்வளவு தூரம் உண்மை? பாதி. வீடு தேடும் பாடம் அருமை. மாணவர்கள் சேர்ந்து தங்கும் பகிர்வு வீடுகளுக்கான விளம்பரங்கள் நிஜ விளம்பர நடையிலேயே இருக்கின்றன, சுருக்கெழுத்துகளோடு. அதில் 'வார்ம்மீட்ட' என்பதை ஒருவன் "வெதுவெதுப்பான வாடகை" என்று மொழிபெயர்த்தான். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னேன்: வெப்பமூட்டும் செலவும் மற்ற செலவுகளும் சேர்ந்த வாடகை அது. 'கால்ட்மீட்ட' என்றால் அவை சேராத வெறும் வாடகை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாதக் கணக்கே உதைக்கும். 

ஆனால் வீடு கிடைத்த பிறகு என்ன? ஜெர்மனியில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். முதல் ஜெர்மன் படிவம் அங்கேதான் கைக்கு வரும். குடும்பப் பெயர், முதற்பெயர், பிறந்த இடம், அஞ்சல் குறியீடு. இந்தப் புத்தகத்தின் ஸ்பெயின் மாணவியும் போலந்து மாணவனும் பன்னிரண்டு பாடம் முழுக்க காபி குடிக்கிறார்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், படகில் போகிறார்கள். ஒரு படிவம்கூட நிரப்பவில்லை. ஒருவரோடும் சண்டை போடவில்லை. ஏ1 தேர்வின் எழுத்துப் பகுதியோ படிவம் நிரப்புவதில்தான் தொடங்குகிறது. அடுத்து முப்பது சொல் அளவில் ஒரு சின்னக் கடிதம். ஜெர்மன் மொழியைப் பரப்பும் கோத்தே நிறுவனத்தின் அந்தத் தேர்வில் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. படிவத்தில் சுலபமாகக் கிடைக்கவேண்டிய மதிப்பெண்ணைப் பயிற்சி இல்லாமல் விடுவது வயிற்றெரிச்சல். நானே ஒரு படிவம் தயாரித்து ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழக வாழ்க்கையில் முக்கியமான இரண்டு விஷயங்களும் இல்லை. ஒன்று மதிப்பெண்: அங்கே 1,0 தான் உச்சம், 4,0 வரை தேர்ச்சி, 5,0 என்றால் போச்சு. நடுவில் இருப்பது புள்ளி இல்லை, கமா. இன்னொன்று அந்தக் கல்விக் கால்மணி. வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் 'ட்ஸே டே' என்று இரண்டு எழுத்து இருந்தால் பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். பக்கம் நிரப்ப ஒரு சுற்றுலா மாளிகையின் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. அதில் கால்வாசி போதும் இதற்கு.

ஆஸ்திரியாவையும் சுவிட்சர்லாந்தையும் மறக்கவில்லை, அது நல்லது. ஜனவரிக்கு ஆஸ்திரியாவில் 'யென்னர்' என்பார்கள், சைக்கிளுக்கு சுவிஸில் 'வேலோ', சுவிஸ்காரர்கள் இரட்டை எஸ்ஸுக்கான 'ß' என்ற தனி எழுத்தைப் பயன்படுத்துவதில்லை என்று சின்னச் சின்னப் பெட்டிகள். அந்த எழுத்து சம்பந்தமாக ஓர் எச்சரிக்கை: பழைய பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் 'டாஸ்' என்ற இணைப்புச்சொல்லே (பாலுக்கான டாஸ் இல்லை, 'என்று' என்ற பொருளில் வருவது) இரட்டை எஸ்ஸுக்குப் பதில் அந்த எழுத்தோடு எழுதப்பட்டிருக்கும். ஒரு மாணவி நூலகத்துப் பழம்பிரதியில் படித்து, விடைத்தாள் முழுக்க அப்படியே எழுதி வைத்தாள். அந்தப் பிரதியில் கடைக்காட்சியில் ஜெர்மனியின் பழைய நாணயமான மார்க் கொடுத்து சாமான் வாங்குகிறார்கள். யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தது 2002-இல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. 'வைல்', அதாவது 'ஏனென்றால்'. இந்தச் சொல் வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஹ் க்ராங்க் பின்.' புத்தகம் இதற்கு ஆறு பக்கம் செலவழிக்கிறது. ஆச்சரியக்குறி, சிவப்புப் பட்டை, "கவனம், வினை கடைசியில்!" என்று ஒரே களேபரம். நான் பலகையில் 'எனக்கு உடம்பு சரியில்லாமல் இருப்பதால்' என்று எழுதி, 'இருப்பதால்'-ஐச் சுற்றி வட்டம் போட்டேன். "வினை எங்கப்பா இருக்கு?" "கடைசியில." ஒரு மணி நேரத்தில் பாடம் முடிந்தது. அன்று மட்டும் புத்தகத்தின்மேல் எனக்குக் கோபமே இல்லை, ஒரு மாதிரி பரிதாபம்தான் வந்தது.

வாங்கலாமா? வாங்கலாம். பூனைப் பக்கத்துக்கும் கடிகாரத்துக்கும் வாடகை விளம்பரங்களுக்குமே வாங்கலாம். தனியாகப் படிக்கிறவர் என்றால் யோசியுங்கள்: விடைகள் பயிற்சி நூலுக்கு மட்டும்தான் உண்டு, பாட நூலின் பயிற்சிகளுக்கு இல்லை. வாரம் நான்கு மணி நேரம், பதினான்கு வாரம் என்ற கணக்கில் பன்னிரண்டு பாடமும் முடியாது. ஒழுங்காக நடத்தினால் ஒன்பது. மிச்சம் மூன்றை நான் முடித்திருக்கிறேன், ஆனால் எப்படி என்று கேட்காதீர்கள்.

போன செமஸ்டரின் கடைசி வகுப்பில், இந்தப் புத்தகத்தைப் பற்றி ஜெர்மனில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று சீட்டுக் கொடுத்தேன். வழக்கமாக ஐந்தாறு பேராவது 'இஹ் பின் லாங்வைலிஹ்' என்று எழுதிவிடுவார்கள், எனக்கு போரடிக்குது என்று நினைத்துக்கொண்டு. எழுதியதோ, நான் ஒரு போர் பேர்வழி. இந்தத் தடவை ஒரு சீட்டில் இருந்தது: 'டாஸ் பூஹ் இஸ்ட் லாங்வைலிஹ், ஆபர் மீர் இஸ்ட் நிஹ்ட் லாங்வைலிஹ்.' புத்தகம் போர், ஆனால் எனக்கு போரடிக்கவில்லை. 'ஆபர்'-க்கு முன்னால் கமாவும் போட்டிருந்தான்.